மாடி வீட்டு மொய்

தஞ்சாவூரில் எங்கள் மாடி அறையை வாடகைக்கு விடலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். மகளுக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருந்தது. தெரியாத ஒருவர் எங்கள் தலைக்கு மேலே நடமாடிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பே எனக்குச் சரிப்படவில்லை. ஆடி மாதத் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் ஒரு பெண்ணை அழைத்துவந்தார். தான்சானியாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து உணவுத் தொழில்நுட்பம் படிக்க வந்தவள். இருபத்து மூன்று வயது. ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். என் மகள் முதலில் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணின் பின்னல்களில் கோத்திருந்த மணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாததால் திரும்பத் திரும்ப ஐந்து வரை எண்ணினாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெண் 'மாடி அக்கா'.

நான் எம்.காம். படித்தவள். குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. படித்த படிப்பெல்லாம் பால் கணக்கிலும் கரண்ட் பில்லிலும் போய்க்கொண்டிருந்தது. எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். காஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். அதனால், மேலே ஒரு சின்னப் பெண் பணத்தை எப்படிச் சமாளிக்கிறாள் என்று கவனிப்பது என் வேலை மாதிரி ஆகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவள் பாடு கஷ்டம்தான். வங்கிக் கணக்குத் திறக்க வெளிநாட்டவருக்கான பதிவுத் தாள் கேட்டார்கள். பதிவுத் தாளுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். எல்லாம் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கணக்கு இல்லாமல் போனில் பணம் அனுப்ப முடியாது. எங்கள் தெருவில் கீரைக்காரம்மா கூட வண்டியில் ஸ்கேன் பண்ணும் அட்டை மாட்டி வைத்திருக்கிறார். இவள் மட்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பாள். சில்லறை இல்லை என்று மளிகைக் கடையில் மிட்டாய் கொடுப்பார்கள். அந்த மிட்டாயெல்லாம் என் மகளுக்கு வந்தது, அவள் பல்லை நினைத்து அது ஒரு கவலை எனக்கு.

அவள் அப்பா கருவாட்டு வியாபாரி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒவ்வொரு தடவையும் பிடித்தம் உண்டு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அனுப்புவார். அடுத்த பணம் ஜனவரியில். அதுவரைக்குமான பணத்தை அவள் ஊரிலிருந்தே கொண்டுவந்து ரூபாயாக மாற்றி, ஒரு தகரப் பெட்டியில் உறை உறையாகப் போட்டு வைத்திருந்தாள். வாடகைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் தடித்த உறை படிப்புக் கட்டணத்துடையது, நாற்பதாயிரம். பாதிச் செலவை உதவித்தொகை பார்த்துக்கொண்டது. மீதியில் முதல் தவணையை ஊரிலிருந்தே கட்டிவிட்டு வந்திருந்தாள். இரண்டாம் தவணையைக் கார்த்திகை முடிவதற்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு பருவம் போனால் உதவித்தொகையும் போய்விடும். இதையெல்லாம் வந்த வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஆவணியில் அவளை எங்கள் ஊருக்கு அழைத்துப்போனோம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என் வீட்டுக்காரரின் ஊர். அந்தப் பக்கத்தில் ஆடி, ஆவணி என்றால் மொய் விருந்து. கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்க வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். இத்தனை வருஷமாக அவர்களிடம் மொய் வாங்கியவர்கள் வந்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதிவிட்டுப் போவார்கள். இப்போது நோட்டுப் புத்தகம் இல்லை. மேசை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் ரசீது அடிக்கும் சின்ன மெஷின். எழுதுகிறவர் பத்து இலக்கப் போன் எண்ணைக் கேட்டுத் தட்டினால் பெயரும் ஊரும் வந்துவிடும்.

அவளும் ஐந்நூறு ரூபாய் எழுத ஆசைப்பட்டாள். எண் கேட்டார்கள். அவளிடம் இருந்தது அவள் நாட்டு எண். கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வரிசை நின்றது. என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டு நம்பரையே போடுங்கண்ணே, மாடின்னு போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அக்கா, எதுக்கு எல்லாரும் அவங்களுக்குப் பணம் கொடுக்கிறாங்க?"

குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கையை அசைக்காமல், பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் விளக்கினேன். இது தானம் இல்லை, ஆர்.டி. போடுவது மாதிரி. இன்றைக்குப் போட்டால் ஒரு நாள் திரும்பி வரும். வரும்போது கூடுதலாகத்தான் வரும். எங்கள் பக்கத்தில் மொய்ப் பணம் வராமல் போனதாக நான் கேட்டதே இல்லை.

படித்ததைப் பயன்படுத்த ஒரு வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில் நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பணம் திரும்பி வர வேண்டுமானால் நம் வீட்டில் ஒரு விசேஷம் நடக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

அந்த ஆவணியில் இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் ஊருக்குப் போனாள். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அவளை அனுப்பச் சொல்லி அவரே போன் செய்வார். குழந்தைக்குச் சளி என்று நான் போகவில்லை. இரண்டு தடவை என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார், பந்தலுக்குப் போனதும் பரிமாறப் போய்விடுவார். ஒரு தடவை அவளே பஸ் ஏறினாள், அண்ணி பட்டுக்கோட்டையில் வந்து நின்று அழைத்துக்கொண்டார். கறிச்சோறு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நூறு, இருநூறு எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் படியிறங்கி வந்தாள். நான் துணிகளை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மொய்ல இருந்து பணம் எடுக்கணும். ஃபார்ம் ஏதாவது இருக்கா, இல்ல நேர்ல போகணுமா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையில் ஒரு உறை. அதற்குள் ஐந்து ரசீது, ஒரு ஞாயிறு மட்டும் இரண்டு வீட்டுக்கு எழுதியிருக்கிறாள். கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தேன். ஐந்நூறு. ஐயாயிரம். ஐயாயிரம். பத்தாயிரம். பத்தாயிரம்.

"ஃபீஸ் பணம் டிசம்பர் வரைக்கும் சும்மாதானே இருக்கு," என்றாள். "பெட்டியில இருந்தா எலி கடிக்கும். அங்க போட்டா வளரும்னு நீங்க சொன்னீங்க."

மொத்தம் முப்பதாயிரத்து ஐந்நூறு. பெட்டியில் மீதி ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கட்டணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். விசேஷம் வைத்தால்தான் திரும்பி வரும் என்றேன். தரையில் உட்கார்ந்தாள். என் மகள் அவள் மடியில் ஏறிப் பின்னலை இழுத்தாள். அவள் இழுக்க விட்டாள். பிறகு, "நான் சரியாக் கேட்டிருக்கணும்," என்றாள். என்னைக் குறை சொல்லியிருந்தால் பரவாயில்லை.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ரசீதுகளைப் பார்த்துவிட்டு, "நீ எம்.காம்.தானே படிச்ச?" என்று மட்டும் கேட்டார். அவர் இயற்பியல் ஆசிரியர், குறைவாகத்தான் பேசுவார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அண்ணிக்குப் போன் செய்தேன். அந்த ஐந்து வீடுகளில் மூன்று அவர் தெருவில்தான்.

"திருப்பிக் கேக்கிறதா?" என்றார் அண்ணி. "ஏம்மா, மொய்ப் பணத்தப் போய்க் கேட்டா ஊர்ல நிக்க முடியுமா? அப்படியே கேட்டாலும் எங்க இருக்கு? எல்லாம் வயல்ல உரமாக் கெடக்கு. தைக்கு மேலதான் காசையே கண்ணால பாக்கலாம். அந்தப் புள்ளய ஒரு விசேஷம் வைக்கச் சொல்லு, வந்து எழுதிட்டுப் போறோம்."

"அவளுக்கு என்ன விசேஷம் அண்ணி வைக்கிறது?"

"அத என்னக் கேட்டா? காது குத்தலாம்னா ஏற்கெனவே நாலு ஓட்டை இருக்கு. மொய் விருந்துன்னா அடுத்த ஆடிக்குத்தான்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "அது அவ காசா? எனக்கு இப்பத்தானே தெரியுது. உங்க வீட்டு மொய்யப் பாத்துட்டு இங்க எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க. வாத்தியார் வீட்டுல பத்துப் பத்தா எழுதுறாங்கன்னு. நான்கூடத் தம்பிக்குச் சம்பளம் ஏறிடுச்சு, அக்காகிட்ட மறைக்கிறான்னு நெனச்சேன்."

போனை வைத்த பிறகுதான் ரசீதுகளை இரண்டாம் தடவை பார்த்தேன். எப்போதும் முதலிலேயே இரண்டு தடவை பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை. ஐந்திலும் மேலே ஒரே எண், எங்கள் வீட்டு எண்ணாக நாங்கள் கொடுக்கும் என் போன் எண். அதற்குக் கீழே 'தஞ்சாவூர், ஆசிரியர் வீடு, மாடி'. அவள் பெயர் எதிலும் இல்லை. முதல் நாள் இவர் அவசரத்தில் சொன்ன எண்தான் அடுத்த நாலு தடவையும் வந்திருக்கிறது.

அப்படியென்றால் அந்த ஐந்து வீடும் கடன்பட்டிருப்பது அவளுக்கில்லை, எங்களுக்கு. என் மகளுக்குக் காது குத்தும்போது அந்த முப்பதாயிரத்து ஐந்நூறும் எங்கள் கைக்குத்தான் வரும். காதுகுத்தை மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

இதைக் கண்டுபிடித்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. மகள் பிறந்த மாதத்திலிருந்து தபால் ஆபீஸில் மாதம் ஆயிரம் ஆர்.டி. போட்டு வந்தேன். பங்குனியில் அவளைப் பள்ளியில் சேர்க்க அதுதான் பணம். வேறு சேமிப்பு எங்களிடம் இல்லை. அதை இப்போது உடைத்துக் கொடுத்தால் மாசியில் மொய் வந்து நிரப்ப வேண்டும். மொய் வர வேண்டுமானால் சம்பா விளைய வேண்டும். வெளியே மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

இவரிடம் சொன்னேன். என் கணக்கைக் கேட்டுவிட்டு, "கணக்கு சரி," என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டு, "மழை இப்படியே அடிச்சு ஊர்ல பயிர் சாஞ்சா?" என்றார்.

"அப்ப அவங்க எழுத முடியாது."

"அப்ப ஸ்கூல்?"

அடுத்த நாலு நாளும் நான் வானிலைச் செய்தியைத்தான் பார்த்தேன். வேதாரண்யம் பக்கம் காற்றழுத்தம் என்றார்கள். பிறகு வடக்கே நகர்ந்துவிட்டது என்றார்கள். இடையிடையே எனக்குள் ஒரு குரல். உன்னிடம் கேட்டா போட்டாள், பெரிய பெண்தானே, அவள் அப்பாவிடம் கேட்கட்டுமே என்று. கேட்டால் அவர் எப்படியாவது அனுப்புவார் என்று அவளே சொன்னாள். வியாபாரப் படகை விற்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். என் மகளுடைய பணத்தை எடுத்துக் கொடுப்பது தர்மமா, அல்லது என் வாய்க்கு நானே போட்டுக்கொள்ளும் அபராதமா என்று யோசித்தேன். இப்போது எழுதும்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் தபால் ஆபீஸுக்குப் போனேன். மூன்று வருஷம் முடிந்திருந்ததால் உடைக்கலாம் என்றார்கள், வட்டி மட்டும் குறையும். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "அவசரமா?" என்று கேட்டார். "இன்னொரு ஆர்.டி.யில போட்டது மாட்டிக்கிச்சு," என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மாடி ஏறிப் பணத்தை நீட்டியபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கடன் வேண்டாம் அக்கா. அந்நிய ஊர்ல கடன் வாங்காதேன்னு அப்பா சொல்லித்தான் அனுப்பினார்."

"கடன் இல்ல. உன் பணம் எங்க பேர்ல இருக்கு. பாரு."

ரசீதுகளைப் பரப்பி எண்ணைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து, என் போன் எண்ணோடு வைத்துப் பார்த்தாள். காதுகுத்து என்றால் என்ன, எப்போது, அந்த ஐந்து வீடும் கட்டாயம் வருமா என்றெல்லாம் கேட்டாள். இந்தத் தடவை எதையும் விடாமல் சொன்னேன். பயிர், மழை, தை, மாசி எல்லாவற்றையும் சொன்னேன்.

"மழையால வரலன்னா?"

"அது எங்க பாடு. ரசீதுல இருக்கிறது எங்க வீடு."

பிறகு ஒரு தாளில் முப்பதாயிரத்து ஐந்நூறு பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்து எனக்கு முதலில் ரசீதைக் காட்டினாள், பிறகுதான் குடையை மடக்கினாள்.

அதற்குப் பிறகு நான் அவளுக்குப் பணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் இப்போது உறைகள் இருக்கின்றன. பால், கரண்ட், மருந்து என்று தனித்தனியாக. மொய்க்கு ஓர் உறை. அதில் இருப்பதற்கு மேல் எழுதுவதில்லை.

தையில் வெயில் அடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. ஒரு தெருவின் தாழ்ந்த வயல்களில் மட்டும் தண்ணீர் வடியாமல் கதிர் முளைத்துவிட்டது. அறுவடை மெஷின் வந்த நாளிலிருந்து அண்ணி தினமும் போன் செய்து எந்த வீட்டில் எத்தனை மூட்டை என்று சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

மாசியில் குலதெய்வக் கோவிலில் என் மகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தினோம். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து, காது குத்துவதற்கு முன்னாலேயே அழுது முடித்துவிட்டு, குத்தும்போது சும்மா இருந்தாள். நான்தான் அழுதேன். கையில் வாழைப்பழம் கொடுத்து அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே என் கண் மொய் மேசை மேல்தான் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டேன். ஆனாலும் பார்த்தேன்.

ஐந்து வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் எழுதினார்கள். ஐந்நூறுக்கு ஆயிரம். ஐயாயிரத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. பத்தாயிரங்களுக்குப் பதினொன்று, பதினொன்று. ஐந்தாவது வீட்டு அம்மா, அந்தத் தாழ்ந்த வயல்காரர், குழந்தைக்கு ஒரு கவுன் மட்டும் வாங்கி வந்திருந்தார். சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஒன்னுது எங்கயும் போவாது தாயி, அடுத்த போகத்துக்குப் பாத்துக்கலாம்," என்றார். எனக்கு அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அந்த நாலு வீட்டு மொய் மொத்தம் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. கொடுத்ததற்குக் குறைவு இரண்டாயிரம்தான். பள்ளியில் சேர்க்க அது தடையாக இருக்காது என்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த இவரிடம் போய்க் காதில் சொன்னேன். "சரி, மோரு எங்க?" என்றார்.

பந்தி முடிகிற நேரத்தில் பார்த்தால் மொய் வரிசையில் மாடிப் பெண் நிற்கிறாள். அண்ணியின் பழைய பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

எழுதுகிறவருக்கு அவளைத் தெரியும். "ஆசிரியர் வீடு, மாடிதானே?" என்று தட்டத் தொடங்கினார்.

"இல்லண்ணே," என்றாள். "இது தனிக் கணக்கு." இப்போது அவளிடம் உள்ளூர் எண் இருந்தது, சொன்னாள். ஊர்ப் பெயர் கேட்டார். அவள் சொன்ன ஊர்ப் பெயரை அவரால் தட்ட முடியவில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி அவளே தட்டினாள். மெஷின் ரசீதைத் துப்பியது. அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"நீ எதுக்கு எழுதுற?" என்றேன். "அடுத்த வருஷம் படிப்பு முடிஞ்சு ஊருக்குப் போயிடுவ. நாங்க எப்படித் திருப்பி எழுதுறது?"

"என் கல்யாணத்துக்கு."

"அது எங்கயோ இருக்கு. நாங்க எப்படி வர்றது?"

"அதுக்குத்தானே எழுதினேன்," என்றாள். "இப்ப வந்துதானே ஆகணும்."

பக்கத்தில் நின்ற அண்ணி, "கறிச்சோறு உண்டா, இல்ல உங்க அப்பா கருவாடுதானா?" என்று கேட்டார். கருவாடுதான் என்று அவள் சொன்னாள். அப்படியானால் யோசிக்க வேண்டும் என்றார் அண்ணி.

அந்த ரசீதை வீட்டுக்கு வந்ததும் மகளுக்காகப் புதிதாகத் தொடங்கிய ஆர்.டி. புத்தகத்துக்குள் வைத்தேன். ஐந்நூறு ரூபாய் மொய்க்கு மூன்று பேர் அவ்வளவு தூரம் போய்வர என்ன ஆகும் என்று போனில் பார்த்தேன். இரண்டாம் தடவையும் பார்த்தேன், அதேதான் காட்டியது. இவரிடம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மூவருக்கும் பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மகளுடைய பிறப்புச் சான்றிதழில் என் தலைப்பெழுத்து தவறாக இருக்கிறது. அதைத் திருத்தக் கொடுத்துவிட்டேன்.